சீழில் வளர்ந்த ஊதாக் கிருமி: குரோமோபாக்டீரியம் வயலேசியம் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

தெமர்லோ_பெரியம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பகாங் மாநிலத்தில், தெமர்லோ பக்கம் இருக்கிறோம். என் தங்கை மகனுக்கு 11 வயது. மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் நிரம்பினால் பையன்கள் இறங்கி மீன் பிடிப்பது வழக்கம்தான். இந்த முறையும் இறங்கியிருக்கிறார்கள், இவன் கெண்டைக்காலில் செம்பனை மட்டை முள் ஏறிவிட்டது. தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். ஒரு வாரம் போல ஆகியிருக்கும், முள் ஏறிய இடம் கன்றிச் சிவந்து வீங்கியது, கவட்டியில் நெறி கட்டியது, ராத்திரி ஆனால் உடம்பு அனலாகக் கொதித்தது. கிளினிக்கில் செபலெக்சின் சிரப்பும் பனடோலும் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டான்.

அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் எலிக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள், பிறகு மண்ணிலிருந்து வரும் இன்னொரு கிருமி நோயான மெலியோய்டோசிஸ் என்றார்கள், காலைக் கீறிச் சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். கடைசியில் வந்தது இந்தப் பெயர், குரோமோபாக்டீரியம் வயலேசியம். ஸ்கேனில் ஈரலிலும் இரண்டு சின்னச் சீழ்க்கட்டி தெரிந்தது. இப்போது மெரோபெனமும் சிப்ரோஃப்ளோக்சசினும் டிரிப்பில் போகின்றன. காய்ச்சல் விட்டு, கஞ்சி குடிக்கிறான், நேற்று போன் கேட்டு அடம் பிடித்தான், அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் என் தங்கை போனில் தேடிப் பார்த்து, இது வந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை என்று எங்கேயோ படித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள். டாக்டர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வார்டில் நின்று பேச அவர்களுக்கு நேரம் இல்லை. இது தொற்றுமா? அவன் அண்ணனும் அதே கட்டிலில்தான் படுப்பான். கூடவே கால்வாயில் இறங்கிய மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே, இவனுக்கு மட்டும் ஏன்? வீட்டுக்குப் போன பிறகும் பல வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார்கள், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, எதற்கு அவ்வளவு நாள்? அதோடு ஏதோ எதிர்ப்பு சக்தி டெஸ்ட் என்று ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பப் போகிறார்களாம், அது என்ன என்று யாராவது நமக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

தட்டு_பார்ப்பவன்

அக்கா, நான் நாகர்கோவிலில் மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன், கிருமியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில்: தொற்றாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருகிற கிருமி இல்லை இது. அண்ணன் தாராளமாகப் பக்கத்தில் படுக்கலாம். சீழ் வடியும் கட்டுத் துணியை மட்டும் யாரும் வெறும் கையால் தொட வேண்டாம், அது எந்தப் புண்ணுக்கும் பொதுவான விதி.

இதன் வீடே மண்ணும் தேங்கிய தண்ணீரும்தான். பூமத்திய ரேகைக்கு மேலேயும் கீழேயும் 35 டிகிரி வரைக்கும், அதாவது வெயிலும் மழையும் சேர்ந்த நாடுகளில், ஆற்றங்கரை, குளம், வயல், சாக்கடை என்று எங்கே தேடினாலும் கிடைக்கும். கோடிக்கணக்கான பேர் தினமும் இதில் கால் வைத்து நடக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. தோல் கிழிந்து, அந்த வழியாக உள்ளே போனால்தான் வம்பு. சில நேரம் தண்ணீரில் மூழ்கி மூச்சோடு உள்ளே இழுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது.

நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ராத்திரி இன்குபேட்டரில் வைத்த பிளட் அகார் தட்டை, அதாவது கிருமி வளர்க்கும் ரத்தம் கலந்த தட்டை, காலையில் எடுத்தால், வழக்கமாகச் சாம்பலோ மஞ்சளோ வெள்ளையோ இருக்க வேண்டிய இடத்தில், உருண்டு திரண்டு பளபளவென்று கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் புள்ளிப் புள்ளியாக நிற்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாரோ கிரிஸ்டல் வயலட் சாயத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அந்த நிறத்துக்கு வயலசீன் என்று பெயர், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கிருமியே தயாரிப்பது. தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அது உருவாக ஆக்சிஜன் வேண்டும், காற்றில்லாமல் வளர்த்தால் நிறமே வராது. இதில் எங்களுக்கு ஒரு வேடிக்கையான சங்கடம் உண்டு: கிருமியை அடையாளம் காணப் போடும் ஆக்சிடேஸ் டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் ஊதாவாக மாறும், இதுவோ ஏற்கனவே ஊதா, எதைப் பார்த்து எதைச் சொல்வது! அதற்காகவே சில லேபில் காற்றில்லாமல் வளர்த்து, நிறத்தைப் போக்கி, அப்புறம் டெஸ்ட் போடுவார்கள்.

நிறம் இருந்தால் பெரும்பாலும் தப்பாது. ஆனால் நிறம் போடாத ரகமும் இருக்கிறது, அதுதான் ஆபத்து. வெளிறிய காலனியாக வந்தால் ஏரோமோனாஸ், விப்ரியோ என்று குழம்ப இடம் உண்டு. இப்போது கிருமியின் புரதங்களை வைத்து அடையாளம் காட்டும் மால்டி டாஃப் மெஷின் உள்ள இடங்களில் அந்தக் குழப்பம் குறைந்துவிட்டது. உங்கள் பையன் விஷயத்தில் ஊதாவாகவே வந்திருக்கிறது, பெயர் உறுதி.

மெலியோய்டோசிஸ் என்று ஏன் முதலில் சொன்னார்கள் என்றால், அதுவும் இதே மண், இதே தண்ணீர், இதே மாதிரி ஈரலில் சீழ். மலேசியாவில் அதுதான் இதைவிடப் பல மடங்கு அதிகம். 2010-ல் உங்கள் பகாங்கிலேயே, மாரான் பக்கம் லூபுக் யூ அருவியில் முழுகியவரைத் தேட இறங்கியவர்களுக்கு மெலியோய்டோசிஸும் எலிக் காய்ச்சலும் வந்து எட்டுப் பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். அதனால் அங்குள்ள டாக்டர்கள் அதை முதலில் நினைத்தது சரியான நினைப்பு. இரண்டுக்கும் மெரோபெனம் வேலை செய்யும், எனவே பெயர் தெரியும் முன்பே பையனுக்குச் சரியான மருந்து ஏற ஆரம்பித்திருக்கும்.

தோட்டத்துப்_பிள்ளை

நானும் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன்தான், இப்போது கிள்ளானில் இருக்கிறேன். சின்ன வயதில் அந்தக் கால்வாயில் இறங்காத நாளே கிடையாது. முள் குத்தினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவார் பாட்டி, சரியாகிவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள். கால்வாயில் குளோரின் பவுடரைக் கொட்டினால் எல்லாக் கிருமியும் செத்துவிடும், அதைச் செய்யச் சொல்லுங்கள் தோட்ட நிர்வாகத்தை.

ஈப்போ_டாக்டர்

கிள்ளான் நண்பருக்கு முதலில். ஐயா, உங்கள் பாட்டி மஞ்சள் போட்டுச் சரியான ஆயிரம் முள்ளில் இந்தக் கிருமி ஒன்றில்கூட இருந்திருக்காது, அதனால்தான் சரியானது. உள்ளே போய் ஈரலில் உட்கார்ந்த சீழை மேலே போடும் பத்து எட்டாது. கால்வாயில் குளோரின் கொட்டுவதும் வீண் செலவு, சேறும் இலையும் அதை உடனே தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும், அடுத்த மழைக்குக் கரை மண்ணிலிருந்து கிருமி திரும்ப வந்து இறங்கும். குழாய்த் தண்ணீர் வேறு விஷயம், அதில் போடும் குளோரினுக்கு இது நிற்காது.

சரி, பெரியம்மாவுக்கு வருகிறேன். நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவன், உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கும் டாக்டர் சொல்வதே கடைசிச் சொல். பொதுவாக மட்டும் பேசுகிறேன்.

தங்கை படித்த "பாதிப் பேர்" பொய்யில்லை. 2011-ல் தைவானிலிருந்து, அதுவரை உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் வந்த நூற்றுச் சொச்சம் கேஸ்களைத் தொகுத்துப் பார்த்தார்கள், அதில் இறப்பு பாதியைச் சற்றுத் தாண்டியது. ஆனால் அந்தத் தொகுப்பு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். சின்னப் புண்ணாக வந்து மாத்திரையில் ஆறிப்போனதை யார் கட்டுரையாக எழுதுகிறார்கள்? மோசமானது, செத்துப்போனது, பெயர் தெரியாமல் கடைசி நாளில் கண்டுபிடித்தது, இவைதான் எழுதப்படும். 2016-ல் வடக்கு ஆஸ்திரேலியாவில் ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரையும், லேசானது கடுமையானது என்று பாராமல், பல வருட ரெக்கார்டிலிருந்து எடுத்து எண்ணினார்கள். அங்கே இறந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. என்னைக் கேட்டால் தங்கை இரண்டாவதைத்தான் படிக்க வேண்டும். அதைவிடவும் முக்கியம், உங்கள் பையனுக்குப் பெயர் தெரிந்துவிட்டது, பொருத்தமான மருந்து ஏறுகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது. இறந்தவர்களில் பலருக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை.

கிளினிக்கில் கொடுத்த சிரப் ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பென்சிலின் வகையையும் செபலெக்சின் வகையையும் உடைத்துப் போடும் நொதியை இந்தக் கிருமி பிறவியிலேயே வைத்திருக்கிறது. கொலிஸ்டினும் இதற்குப் படியாது. சிப்ரோ, மெரோபெனம், கோட்ரைமாக்சசோல், ஜென்டாமைசின் போன்றவை பெரும்பாலும் படியும். காலில் சிவந்த புண்ணுக்கு செபலெக்சின் கொடுத்த கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல முடியாது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புண்ணுக்கு அதுதான் சரி. முள் குத்தியதும் கால்வாய்த் தண்ணீரும் அவருக்குத் தெரிந்திருந்தால் யோசனை வேறு பக்கம் போயிருக்கும், பையனோ வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் மாத்திரை என்றால், ஈரல் சீழ்க்கட்டியின் சுவருக்குள் மருந்து மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் இருந்தது செத்தால் காய்ச்சல் விடும், கட்டிக்குள் பதுங்கியது அப்படியே இருக்கும். மருந்தைச் சீக்கிரம் நிறுத்தி, நன்றாக ஆன மாதிரி வீட்டுக்குப் போய், சில வாரத்தில் திரும்ப வந்து படுத்தவர்கள் உண்டு, திரும்ப வந்தது முதல் தடவையைவிட மோசமாக இருந்ததும் உண்டு. அதனால் ஸ்கேனில் கட்டி வற்றுவதைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஓடி விளையாடுகிறானே என்று பாட்டி மாத்திரையை ஒளித்து வைத்தால் விடாதீர்கள்.

இனி அந்தக் கோலாலம்பூர் டெஸ்ட். நம் ரத்த வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குகின்றன, விழுங்கிய பிறகு உள்ளே ஒரு ரசாயனத்தை உண்டாக்கிக் கொல்லுகின்றன. சில குழந்தைகளுக்கு விழுங்கும் வேலை நடக்கும், கொல்லும் ரசாயனம் உண்டாகாது. குரோனிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், சுருக்கமாக சிஜிடி என்பார்கள். பிறவிக் குறை. இந்த ஊதாக் கிருமி சாதாரண ஆளைத் தொடுவதே அபூர்வம் என்பதால், இது ஒரு குழந்தைக்கு வந்தால் உடனே சிஜிடி இருக்கிறதா என்று பார்ப்பது மரபு. அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் இந்தக் கிருமியைத் துரத்திப் போய்த்தான் சில பையன்களுக்கு சிஜிடி இருப்பதே தெரிந்தது. டெஸ்ட் பெயர் டிஹெச்ஆர், கொஞ்சம் ரத்தம் போதும், வெள்ளணுவைத் தூண்டிவிட்டு அது ஒளிர்கிறதா என்று மெஷினில் பார்ப்பார்கள். இருந்தால் தினசரி தடுப்பு மாத்திரை போட்டு வளர்க்கலாம், தெரியாமல் இருப்பதுதான் கெடுதல்.

சிஜிடி பெரும்பாலும் அம்மா வழியாக மகனுக்கு வருவது. உங்கள் தாய் வீட்டில் ஆண் குழந்தை யாராவது சிறு வயதில் சீழ்க்கட்டி, நிமோனியா என்று அடிக்கடி படுத்ததுண்டா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்றும் கேட்பார்கள், அதைத் தெரியாமல் சில மாத்திரை கொடுக்க முடியாது, அதோடு அது மிகக் கடுமையாக இருந்தால் வெள்ளணுவின் வேலையும் படுத்துவிடும்.

தெமர்லோ_பெரியம்மா

டாக்டர், நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். பள்ளிக்கூடம் போகும் முன்பே தவறிவிட்டான். கழுத்தில் கட்டி வந்து கீறி, ஆறி, திரும்ப வந்து, கடைசியில் நெஞ்சுச் சளி என்று சொன்னார்கள், எஸ்டேட் டிஸ்பென்சரி காலம். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அம்மாவிடம் கேட்காமல், எங்கள் மூத்த அத்தையிடம் கேட்டு, தெரிந்த வரைக்கும் எழுதி இன்று காலை வார்டு டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு, குடும்பப் படம் ஒன்று வரைந்துகொண்டார். ஜி6பிடி பிறந்தபோதே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தார்கள், அது சரியாக இருக்கிறது.

நாகர்கோவில் தம்பிக்கும் நன்றி. தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பையனிடம் வாசித்துக் காட்டினேன். எனக்கு அந்தப் போட்டோ வேண்டும் என்று நர்ஸைத் தொல்லை செய்கிறான்.

கோவை_பயோடெக்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி. எங்கள் புராஜெக்டே இந்தக் கிருமியோடுதான், குவோரம் சென்சிங், அதாவது கிருமிகள் கூட்டமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. தினமும் கையில் பிடிக்கிறோம், இவ்வளவு பயங்கரமானது என்று யாரும் சொல்லவில்லை. கையில் சின்னக் காயம் இருந்தால் என்ன செய்வது?

தட்டு_பார்ப்பவன்

தம்பி, காயம் இருந்தால் அன்று அதைத் தொடாதே. மற்ற நாளில் கிளவுஸ், கண்ணாடி, வாயால் பிப்பெட் இழுக்கும் பழக்கம் அறவே கூடாது, ஊசி முனை வேலை கவனம். இது பயோசேஃப்டி இரண்டாம் நிலைக் கிருமி, கல்லூரி லேபில் வளர்க்கக் கூடாது என்று இல்லை, ஆனால் நிறம் அழகாக இருக்கிறது என்று தட்டைத் திறந்து வைத்து செல்ஃபி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இது ஹைட்ரஜன் சயனைடும் கொஞ்சம் வெளியிடும், தட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்காதே.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அவர் புராஜெக்ட் உண்மையிலேயே சுவையானது. இந்தக் கிருமி தனியாக இருக்கும்போது ஊதா நிறம் போடாது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், கூட்டம் பெருகி அந்த மூலக்கூறு போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் எல்லாம் ஒரே நேரத்தில் வயலசீன் தயாரிக்கத் தொடங்கும். சிவி026 என்று ஒரு ரகத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு அந்த மூலக்கூறைச் செய்யத் தெரியாது, ஆனால் வெளியிலிருந்து யாராவது கொடுத்தால் ஊதாவாகும். அதனால் வேறொரு கிருமி அதே பாஷை பேசுகிறதா என்று பார்க்க, இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் கீறி விட்டால் போதும், பேசினால் நடுவில் ஊதாக் கோடு விழும். பூண்டு, கிராம்பு, துளசிச் சாறு எல்லாம் ஊற்றி நிறம் மங்குகிறதா என்று நம் ஊர்க் கல்லூரிகளில் வருஷம் தவறாமல் செய்கிறார்கள். நிறம் மங்கினால் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பேப்பர் போடும் அவசரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது, கிருமியே பாதி செத்திருந்தாலும் நிறம் மங்கும்.

நூலகப்_பூச்சி

பெரியம்மா தெமர்லோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த இனத்துக்கு உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மூல மாதிரி, ஏடிசிசி என்ற அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகத்தில் 12472 என்ற எண் கொண்டது, எங்கிருந்து எடுத்தது தெரியுமா? உங்கள் பக்கத்து ஊர் மெந்தகாப்பில், நன்னீரிலிருந்து. மனிதருக்கு இது வந்ததாகப் பதிவான முதல் கேஸும் மலாயாதான், 1927. அதற்கும் முன்னால் 1905-ல் பிலிப்பைன்ஸில் எருமைகள் இதனால் செத்ததாக எழுதியிருக்கிறார்கள். கிருமிக்குப் பெயர் வைத்தவர் பெர்கோன்சினி என்ற இத்தாலியர், 1880-களின் தொடக்கத்தில்.

அந்த மெந்தகாப் மாதிரியின் மொத்த மரபணு வரைபடத்தையும் 2003-ல் வெளியிட்டவர்கள் பிரேசில்காரர்கள், நாட்டின் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த வேலை. சுமார் 47.5 லட்சம் எழுத்து, 4,400-க்கு மேல் ஜீன். அவர்களுக்கு ஏன் அக்கறை என்றால் அமேசானின் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் இது ஏராளம். ஆனால் அடுத்த ஆண்டே அங்கே பாஹியா மாநிலத்தில் தண்ணீரில் விளையாடிய உடன்பிறந்த மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்து இருவர் இறந்தார்கள், ஒருவருக்கு இந்தக் கிருமிதான் என்று உறுதியானது, மற்ற இருவருக்கும் சந்தேகம்.

மறுபக்கமும் உண்டு. அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாட்டிக் பிறந்த கதையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மண்ணில் எடுத்த ஒரு குரோமோபாக்டீரியம் இருக்கிறது, ஸ்குவிப் கம்பெனிக்காரர்கள் 1981-ல் வெளியிட்டார்கள். மெரோபெனம் போன்ற மருந்துகளையே உடைக்கும் என்டிஎம் என்ற நொதி உள்ள கிருமிகளுக்கு எதிராக இன்று அவிபாக்டாம் என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது அந்த மருந்தைத்தான். ரோமிடெப்சின் என்று தோலில் வரும் ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோய்க்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, ஜப்பானில் யாமகாட்டா மண்ணில் இருந்த இதே இனத்திலிருந்து வந்தது. பனாமாவில் ஏடிஸ் கொசுவின் குடலில் கிடைத்த நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று கொசுவின் புழுவைக் கொல்கிறது, கொசுவுக்குள் டெங்கு வைரஸ் வளர்வதையும் தடுக்கிறது என்று 2014-ல் எழுதினார்கள். டெங்குவில் தவிக்கும் மலேசியாவில் இதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

தோட்டத்துப்_பிள்ளை

சரி சரி, குளோரின் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். அப்படியென்றால் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறங்கவே விடக் கூடாதா? எஸ்டேட்டில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா?

ஈப்போ_டாக்டர்

நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. காலில் ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். செம்பனை மட்டை கிடக்கிற இடத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கட்டும். முள்ளோ ஆணியோ குத்தினால் அங்கேயே சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவி, முள் முனை உள்ளே ஒடிந்து நிற்கிறதா என்று பார்த்து, வீட்டில் சொல்ல வேண்டும். திட்ட மாட்டோம் என்று பிள்ளைக்கு நம்பிக்கை கொடுப்பது உங்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ நெறி கட்டுவதோ வந்தால் கிளினிக்கில் வாய் திறந்ததும் முதல் வார்த்தையாகக் கால்வாயைச் சொல்லுங்கள். எலிக் காய்ச்சல், மெலியோய்டோசிஸ், இது, எதுவானாலும் அந்த ஒரு தகவல்தான் டாக்டரைத் திருப்பும். சிஜிடி இருக்கும் குழந்தைகள் மட்டும் கண்டிப்பாக இறங்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை.

தெமர்லோ_பெரியம்மா

ரிசல்ட் வந்துவிட்டது. டிஹெச்ஆர் நார்மல். சிஜிடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் தம்பிக்கு வந்தது என்ன என்று இனித் தெரியப்போவதில்லை, அது போகட்டும். தங்கை வார்டிலேயே உட்கார்ந்து அழுதாள், இந்த முறை வேறு அழுகை. ஈரலில் ஒரு கட்டி மறைந்துவிட்டது, இன்னொன்று சுருங்கியிருக்கிறது, நாளை மறுநாள் டிஸ்சார்ஜ், சிப்ரோ மாத்திரையோடு. டாக்டர், அப்படியானால் எதிர்ப்பு சக்தி சரியாக இருக்கும் பையனுக்கும் இது வருமா? இன்னொன்று, மாத்திரை கசக்கிறது என்று மைலோ சாக்லேட் பானத்தில் கரைத்துக் கொடுக்கலாமா என்று பாட்டி கேட்கிறார்.

ஈப்போ_டாக்டர்

வரும். வந்தவர்களில் பல பேர் எந்தக் குறையும் இல்லாதவர்கள்தான். ஆழமாக முள் ஏறியது, முனை உள்ளேயே இருந்திருக்கலாம், சேற்றோடு நிறையக் கிருமி ஒரே நேரத்தில் போயிருக்கும், கிளினிக் சிரப்பும் அதற்கு எதிராக வேலை செய்யவில்லை. கூட இருந்த பையன்களுக்கு முள் ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மைலோ கண்டிப்பாக வேண்டாம். பால், தயிர், மைலோ, கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து சிரப், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, இவை எல்லாம் சிப்ரோவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறுவது குறைந்துவிடும். வெறும் தண்ணீரில் விழுங்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்து மைலோ குடிக்கலாம், ஆனால் மைலோ முதலில் குடித்துவிட்டான் என்றால் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு மாத்திரை கொடுங்கள். காலை எழுந்ததும் மாத்திரை, பள்ளிக்குக் கிளம்பும்போது மைலோ என்று வைத்துக்கொண்டால் சுலபம். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.